300 வெள்ளிக்குள் மூவறை வீட்டைச் சீராக்க எதிலிருந்து தொடங்குவது?

ஈசூன்வாசி | பதிவு 1

சிங்கப்பூர்ல மறுவிற்பனையில் வாங்கிய மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 80களில் கட்டிய புளோக். தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. 300 வெள்ளிக்குள்ள, ஒப்பந்தக்காரர் இல்லாம, நாங்களே என்னென்ன செய்ய முடியும்?

குறைகள்: சின்ன படுக்கையறையில ஒரு சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி, பெயிண்ட் செதில் செதிலா உரியுது. அடுக்களை அலமாரிக் கதவு ரெண்டு தொங்குது. சமையல் மேடையில நம்ம நிழல்லயே காய் நறுக்க வேண்டியிருக்கு. பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்துல சிலிக்கான் கறுத்துப்போச்சு.

பூஞ்சைச் சுவர்மேல பூப்போட்ட ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டி மூடிடலாமா? அதுதான் மலிவாத் தெரியுது.

தூரிகை | பதிவு 2

ஒட்டுத்தாள் வேண்டாங்க. அது பிளாஸ்டிக். ஈரம் வெளியேற வழியில்லாம தாளுக்குப் பின்னாலயே தங்கும், பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கொஞ்ச நாள்ல ஓரம் தூக்கும். பிச்சு எடுத்தா பழைய பெயிண்டும் கூடவே வரும்.

முதல்ல ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. 30 செ.மீ. சதுரமா ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால காத்துப் புகாம சுவர்ல ஒட்டுங்க. ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவுல நீர்த்துளி இருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது. தாளோட அறைப்பக்கம் நனைஞ்சிருந்தா, காத்துல உள்ள ஈரம் குளிர்ந்த சுவர்ல படிஞ்சு வேர்க்குது.

நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான். அடுத்த அறையில ராத்திரி முழுக்க குளிர்சாதனம் 20 டிகிரியில ஓடினா, இந்தப் பக்கச் சுவர் வேர்க்கும். அதை ஒட்டித் துணி அலமாரி நின்னா காத்தே போகாது. குளிர்சாதனத்தை 25 டிகிரிக்கு ஏத்துங்க, அலமாரியைச் சுவர்லேருந்து ஒரு 5 செ.மீ. தள்ளி வைங்க, பகல்ல சன்னலைத் திறந்து விசிறியை ஓடவிடுங்க. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தி இந்த மூணும் நடக்கணும்.

ஈரம் உள்ளேருந்து வந்தா கதை வேற. வெளிச்சுவர் வழியா மழைநீர் இறங்குதா, பக்கத்துக் குளியலறைக் குழாய் கசியுதான்னு பார்க்கணும், வீவக கிளையில சொல்லணும். மேல்வீட்டுலேருந்து கூரை கசிஞ்சா வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கு, செலவுல பாதியைக் கழகம் ஏத்துக்கும். அந்த வேலை முடியாம தூரிகையைத் தொடாதீங்க.

கூரையில சிமெண்ட் பெயர்ந்து துருக்கம்பி தெரிஞ்சா அதையும் புட்டி (பள்ளம் நிரப்புற பசை) வச்சு மூடக்கூடாது. துரு உள்ளேயே பெருத்து இன்னும் பெரிய துண்டா விழும்.

ஈசூன்வாசி | பதிவு 3

நன்றிங்க, இன்னைக்கே பிளாஸ்டிக் ஒட்டிடுறோம். வேர்வைதான்னு வச்சுக்குவோம். அப்புறம் எப்படிக் கழுவி அடிக்கிறது? அளவோட சொன்னா கடைக்கு ஒரே தடவை போயிட்டு வந்துடலாம். அறை 3 மீட்டருக்கு 3 மீட்டர்.

தூரிகை | பதிவு 4

கணக்கை முதல்ல போட்டுடுவோம். நாலு சுவர் சுற்றளவு 12 மீட்டர், உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர், ஆக 31 சதுர மீட்டர். கதவு, சன்னலுக்கு நாலைக் கழிச்சா 27. ரெண்டு பூச்சுக்கு 54. டப்பாவுல லிட்டருக்கு 11, 12 சதுர மீட்டர்னு போட்டிருக்கும், ரோலர் குடிக்கிறது போக 9 அல்லது 10தான் வரும். அதனால 5 லிட்டர் ஒண்ணு, 1 லிட்டர் ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே நிற எண்ணைச் சொல்லிக் கலந்து வாங்கி, பெரிய வாளியில சேர்த்துக் கலக்கிடுங்க. தனித்தனியா அடிச்சா சுவர் நடுவுல நிற வித்தியாசம் தெரியலாம்.

பூஞ்சை: உலர்ந்த பிரஷ்ஷால தேய்க்காதீங்க, வித்து அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம், கையுறை, திறந்த சன்னல். வீட்டு வெளுப்பான் ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு. பஞ்சுல தோய்ச்சுத் தடவி 15 நிமிஷம் விட்டு, நல்ல தண்ணியில துடைங்க. வெளுப்பானோட வினிகரோ கழிவறை கழுவும் அமிலமோ ஒரு சொட்டுகூடச் சேரக்கூடாது, குளோரின் வாயு வரும். துடைச்ச பிறகு குறைஞ்சது ரெண்டு நாள் விசிறியில காயட்டும்.

அப்புறம் ரெண்டு சோதனை. உள்ளங்கையால சுவரைத் தேய்ங்க, வெள்ளைப் பொடி ஒட்டினா பழைய பூச்சு மாவாயிடுச்சுன்னு அர்த்தம். கட்டர் கத்தியால ஒரு பெருக்கல் குறி கீறி, மேல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்குன்னு இழுங்க. செதில் வந்தா அந்தப் பகுதியை உறுதியான இடம் வரைக்கும் சுரண்டணும். சுரண்டின ஓரம் படிக்கட்டு மாதிரி நிக்கும். அங்க புட்டி மெல்லிசா ரெண்டு தடவை பூசி, காஞ்சதும் 180 எண் உப்புத்தாளால தேய்ச்சு, ஈரத்துணியால தூசி எடுங்க. விரலை ஓட்டினா மேடு தட்டக்கூடாது.

அடுத்தது சீலர் (பெயிண்ட் சுவரைப் பிடிக்கிறதுக்கான அடிப்பூச்சு) ஒரு பூச்சு, 27 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் போதும். அதுக்குமேல பெயிண்ட் ரெண்டு பூச்சு.

மார்சிலிங்_மணி | பதிவு 5

சீலர் தேவையா அண்ணே? இப்ப வர்ற பெயிண்ட்ல சீலரும் சேர்த்தே இருக்குன்னு போட்டிருக்கானே. 35 வெள்ளி மிச்சமாகுமே.

தூரிகை | பதிவு 6

உறுதியான பழைய பூச்சுமேல, அதே சாயல் நிறம் அடிக்கிறதா இருந்தா தம்பி சொல்றது சரி, சீலர் இல்லாம போகலாம். மாவாகிற சுவர்ல முடியாது. பெயிண்ட் அந்தப் பொடியைப் பிடிச்சுக்கும், சுவரைப் பிடிக்காது. பூஞ்சை வந்த சுவர், புட்டி வச்ச இடம், கறை ஊடுருவின இடம் மூணுக்கும் சீலர் வேணும். புட்டி தண்ணியை உறிஞ்சிடும், அதனால சீலர் இல்லாத இடத்துல பெயிண்ட் மங்கித் திட்டுத் திட்டாத் தெரியும். காசு மிச்சம் பிடிக்கணும்னா விலையுயர்ந்த பெயிண்டுக்குப் பதிலா நடுத்தரப் பெயிண்ட் வாங்குங்க. அடிவேலைக்கு ஆகுற செலவுல கை வைக்காதீங்க.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியது: மூலை, கூரை ஓரம், சுவிட்சைச் சுத்தி 2 அங்குலப் பிரஷ்ஷால 5 செ.மீ. பட்டை. அது காயறதுக்குள்ள 9 அங்குல ரோலர். ஒரு சுவரைத் தொட்டா அதை முடிச்சிட்டுத்தான் நிறுத்தணும். பாதியில நிறுத்தினா காஞ்ச ஓரமும் ஈர ஓரமும் மேல மேல ஏறி, கோடு நிரந்தரமா நிக்கும். மேற்குச் சுவரைக் காலையிலேயே முடிங்க. பிற்பகல் வெயில்ல சூடான சுவர்ல பெயிண்ட் ரோலர்லயே காயும். இடியும் மழையுமா இருக்கிற பிற்பகல்ல ரெண்டாவது பூச்சு வேண்டாம். டப்பாவுல ரெண்டு மணி நேரம்னு இருந்தாலும் நாலு மணி நேரம் விடுங்க. மறைப்பு டேப்பைப் பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே சாய்வா இழுத்து எடுங்க, காஞ்சப்புறம் இழுத்தா ஓரம் கிழியும்.

கதவு நிலை உலோகம், அதுல பழைய எனாமல் பளபளப்பு இருக்கும். சுவர் பெயிண்ட் மிச்சமிருக்கேன்னு அதுல அடிச்சா நகத்தால உரிக்கலாம். 180 தாளால மங்கும் வரை தேய்ச்சு, உலோகத்துக்கான அடிப்பூச்சு, அப்புறம் எனாமல்.

தச்சுப்பட்டறை | பதிவு 7

அலமாரிக் கதவுக்கு வர்றேன். தொங்குறதுக்கு ரெண்டு காரணம் இருக்கும். கீல்ல இருக்கிற சரிக்கட்டும் திருகு நகர்ந்திருக்கும், இல்லன்னா திருகு பிடிச்ச துளையே நொறுங்கியிருக்கும். கதவை மெல்லத் தூக்கிப் பாருங்க. கீல் பலகையோட சேர்ந்து அசைஞ்சா துளை போச்சு.

அசையலன்னா வேலை அஞ்சு நிமிஷம்தான். உள்கீல்ல முன்பக்கத் திருகு கதவை இடம் வலமா நகர்த்தும், பின்பக்கத் திருகு உள்ளே வெளியே. மேல் கீழ் நகர்த்த, பலகையில உள்ள தகட்டுத் திருகுகளைத் தளர்த்தி நகர்த்தி முடுக்கணும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுதான். ரெண்டு கீலையும் மாறி மாறித் திருப்புங்க.

துளை போயிருந்தா: கீலைக் கழட்டி, துளைக்குள்ள மரப்பசை விட்டு, பல் குத்தும் குச்சிகளை இறுக்கமா அடிச்சு, ஒரு நாள் காயவிட்டு, மேல்மட்டமா வெட்டி, 2 மி.மீ. வழித்துளை போட்டுத் திருகுங்க. நீளத் திருகு போட்டா சரியாகும்னு நிறைய பேர் செய்வாங்க, அது பலகையின் மறுபக்கம் குத்திக்கிட்டு வரும். தண்ணியில ஊறி உப்பின துகள்பலகைன்னா குச்சியும் நிக்காது. அதுக்குத் துருப்பிடிக்காத எஃகுல கீல் பழுதுத் தகடு கிடைக்குது. சேதமான இடத்தை முழுசா மூடி, நல்ல பலகையில திருகு பிடிக்கும்.

கைப்பிடியை மாத்துறதா இருந்தா பழைய ரெண்டு துளைக்கும் நடுத்தூரத்தை அளந்துட்டுக் கடைக்குப் போங்க. 96 மி.மீ., 128 மி.மீ. ரெண்டும்தான் அதிகம். 96 இருக்கிற இடத்துல 128 வாங்கினா பழைய துளை வெளியே தெரியும்.

கதவுமேல ஒட்டும் தாள் பற்றியும் யாராவது கேப்பீங்க. கதவுக்கு ஒட்டலாம், சுவர் மாதிரி ஈரம் மூச்சு விடுற இடமில்லை. ஆனா எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் ஒட்டாது. வெந்நீர்ல சோடா உப்பு போட்டுத் துடைச்சு, காஞ்சதும் ஆல்கஹாலால இன்னொரு தடவை. கதவைக் கழட்டித் தரையில வச்சு ஒட்டணும். மேலிருந்து 10 செ.மீ. மட்டும் பின்தாளைப் பிரிச்சு, துணி சுத்தின அட்டையால நடுவுலேருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே இறங்குங்க. ஓரத்தை முடி உலர்த்தியால இளஞ்சூடாக்கி மடிச்சு உள்பக்கம் 2 செ.மீ. ஏத்துங்க.

சோற்றுப்பானை சாதனத்துக்கு நேர் மேல இருக்கிற கதவு மட்டும் விதிவிலக்கு. தினமும் ஆவி அடிச்சா பசை இளகிக் கீழ் ஓரம் சுருளும். சாதனத்தை முன்னால இழுத்து வச்சுச் சமைச்சாதான் தாளும் பலகையும் தப்பும்.

நீலகுழாய் | பதிவு 8

சிலிக்கான்: கறுத்ததுமேலயே புதுசு பூசாதீங்க, சிலிக்கானோட சிலிக்கான் ஒட்டாது. முழுசா வெட்டி எடுக்கணும். பிளாஸ்டிக் சுரண்டியால பிசிறு வரைக்கும் எடுத்து, ஆல்கஹாலால துடைச்சு, ராத்திரி காயவிடுங்க. பூஞ்சைத் தடுப்பு உள்ள குளியலறை வகை 300 மி.லி. குழாய் ஒண்ணு வாங்கினா தொட்டிக்கும் குளியலறைக்கும் சேர்த்துப் போதும். மேடை பளிங்குக்கல்லா இருந்தா புளிச்ச வாடை அடிக்கிற வகை கூடாது, கல்லை அரிக்கும். 'நியூட்ரல்'னு கேட்டு வாங்குங்க.

ரெண்டு பக்கமும் டேப், நடுவுல 6 மி.மீ. இடைவெளி. முனையைச் சாய்வா 5 மி.மீ. அளவு வெட்டி, நிறுத்தாம ஒரே ஓட்டமா இழுங்க. விரலைச் சோப்புத் தண்ணியில நனைச்சு ஒரு தடவை மட்டும் வழிச்சு, உடனே டேப்பை எடுத்துடுங்க. பத்து நிமிஷத்துல தோல் கட்டும். 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது. அதனால ராத்திரிச் சமையல் முடிஞ்ச பிறகு தொடங்கி, அடுத்த நாள் வெளியில சாப்பிடுற மாதிரி வச்சுக்குங்க.

குளியலறை ஓடு நடுவுல கறுத்த கோடுகளுக்கு ஒரு வார்த்தை. பழைய பூச்சைக் கைரம்பத்தால 2, 3 மி.மீ. மட்டும் சுரண்டிப் புதுசு நிரப்பலாம். அதுக்குமேல ஆழமாப் போகாதீங்க, ஓட்டுக்கு அடியில நீர்த்தடுப்புப் படலம் இருக்கு. கட்டி முடிச்சு மூணு வருஷம் ஆகாத புது வீட்டுக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை மாத்தவே வீவக அனுமதிக்காது, அதுக்கும் இந்தப் படலம்தான் காரணம்.

பொங்கோல்_ஒளி | பதிவு 9

சமையல் மேடை விளக்கு: சுவருக்குள்ள ஓடுற கம்பியில கை வைக்காதீங்க, அது உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை. பிளக்குல சொருகுற 12 வோல்ட் எல்இடி பட்டையே இந்தக் குறைக்குத் தாராளம்.

மேல் அலமாரிக்கு அடியில, முன்பக்க ஓரத்தை ஒட்டி வைங்க. பின்னால சுவரோரம் வச்சா வெளிச்சம் ஓட்டுல விழும், நறுக்குற இடம் மறுபடி இருட்டுதான். அலுமினியத் தண்டவாளத்துக்குள்ள ஒட்டுங்க. அது சூட்டை வாங்கிக்கும், பால் நிற மூடி புள்ளி புள்ளியாத் தெரியாம மறைக்கும், எண்ணெய்ப் புகை படிஞ்சா துடைக்கலாம். கத்தரிக்கோல் குறி போட்ட இடத்துல மட்டும் வெட்டணும், வேற இடத்துல வெட்டினா அந்தத் துண்டு எரியாது.

மின்மாற்றிக் கணக்கு: மீட்டருக்கு 10 வாட் பட்டை 2 மீட்டர்னா 20 வாட். கூட கால் பங்கு சேர்த்து 25 வாட், அதாவது 12 வோல்ட்டுக்கு 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் கூடுதல். கடையில 2.5 ஆம்பியர் கேளுங்க. சரிமட்டமா வாங்கினா எப்பவும் சூடாகி சீக்கிரம் போயிடும். சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க, இணையத்துல வர்ற மலிவு மாற்றிகள்ல பலதுல இருக்காது. பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகள்ல எரியவிட்டுப் பார்த்தே எடுக்கலாம். ஒளியோட நிறத்தைக் கெல்வின்ல சொல்வாங்க, எண் கூடக்கூட மஞ்சள் குறைஞ்சு வெள்ளையாகும். சமைக்கிற இடத்துக்கு 4000 கெல்வின், கூடத்துக்கு 3000. 6500 போட்டா குழம்பு சாம்பல் பூத்த மாதிரித் தெரியும்.

மார்சிலிங்_மணி | பதிவு 10

சுவர்ல பொருள் வைக்கிற தட்டு (ஷெல்ஃப்) மாட்ட ஒட்டுக்கொக்கி போதுமா, துளை போடணுமா? இங்க இருக்கிறது 12 வோல்ட் பேட்டரித் துளையிடும் கருவி.

தச்சுப்பட்டறை | பதிவு 11

படம், தோரணம், சாவிக்கு ஒட்டுக்கொக்கி போதும். தட்டுக்கு வேண்டாம். தட்டுல எடை முன்னோரத்துல விழும்போது மேல் பக்கம் சுவரை விட்டு இழுபடும், பசை அந்த இழுப்பைத் தாங்காது. எடை குறைவா இருந்தாலும் இதே கதைதான். புதுசாப் பெயிண்ட் அடிச்ச சுவர்னா கொக்கி ஒட்ட ஒரு வாரம் பொறுங்க. ஆல்கஹாலால துடைச்சு, 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழிச்சு மாட்டுங்க.

துளைக்கு முந்தி விரல் முட்டியால தட்டுங்க. பழைய புளோக்ல தடுப்புச் சுவர் பெரும்பாலும் செங்கல். அதுக்குச் சுத்தியல் வசதி உள்ள சாதாரணக் கருவி போதும், செங்கல் பொடி சிவப்பா வரும். சாம்பல் பொடியோட கருவி முன்னேறாம நின்னா கான்கிரீட். உங்க 12 வோல்ட் அங்க முனையை எரிச்சுத்தான் காட்டும், எஸ்டிஎஸ் கருவியை (கான்கிரீட்டைத் துளைக்கிற பலமான சுத்தியல் கருவி) ஒரு நாள் இரவல் வாங்குங்க. கம்பி தட்டுப்பட்டா அழுத்தாதீங்க, 3 செ.மீ. தள்ளிப் போடுங்க.

6 மி.மீ. முனை, 6 மி.மீ. அடைப்பு (திருகைப் பிடிக்கத் துளைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் குழல்), 4 மி.மீ. திருகு. துளை ஆழம் அடைப்பு நீளத்தைவிட 10 மி.மீ. அதிகம், முனையில டேப் சுத்தி அடையாளம் வச்சுக்குங்க. உள்ளே தூசி தங்கினா அடைப்பு முழுசா இறங்காது, உறிஞ்சியால எடுங்க. சுவிட்சு, பிளக்குக்கு நேர் மேலயும் கீழயும் துளை கூடாது, கம்பி அந்த வழியாத்தான் போகும்.

வீவக விதிப்படி புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6. சத்தம் மிகுந்த வேலை வார நாள்ல மட்டும், 9 முதல் 5. எல்லாத் துளையையும் குறிச்சு வச்சுட்டு ஒரே மூச்சுல போட்டா பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

செங்காங்_கலை | பதிவு 12

எங்க வீடு புது பிடிஓ (முன்பதிவு வாங்கி வீவக புதுசாக் கட்டித் தர்ற வீடு). தட்டினா சுவர் வெத்தா ஒலிக்குது. வீட்டு வெடிகுண்டுக் காப்பறையில தட்டு அடிக்கலாமா?

தச்சுப்பட்டறை | பதிவு 13

வெத்தா ஒலிக்கிறது லேசான முன்வார்ப்புப் பலகைச் சுவர். சாதாரண அடைப்பு உள்ளேயே சுத்தும். பின்னால விரியுற உட்குழிவுச் சுவர் அடைப்பு வாங்குங்க, சுத்தியல் வசதியை அணைச்சுட்டுத் துளையிடுங்க. காப்பறைச் சுவரைத் தொடாதீங்க தங்கச்சி, அது குடிமைத் தற்காப்புப் படை விதிக்கு உட்பட்டது. தனியா நிக்கிற இரும்பு அடுக்கு வைங்க, காத்துத் துளைகளை மறைக்காம.

ஈசூன்வாசி | பதிவு 14

எல்லாம் சேர்த்து 300க்குள்ள அடங்குமா?

தூரிகை | பதிவு 15

ஏறத்தாழ: பெயிண்ட் 70, சீலர் 35, புட்டி, தாள், டேப், ரோலர், பிரஷ் 25, சிலிக்கானும் அதைப் பிதுக்குற துப்பாக்கியும் 15, கீல் தகடு 10, விளக்கு 35. ஆக 190. மிச்சத்தை அடுத்த மழைக்கால ஈரத்துக்கு ஒதுக்கி வைங்க, டிசம்பர், ஜனவரியில அந்தச் சுவர் உண்மையைச் சொல்லும். தட்டு, கூடை எல்லாம் கரோசெல் இணையச் சந்தையில பழசு பாருங்க. மிஞ்சின பெயிண்டைத் தொட்டியில ஊத்தாதீங்க, சின்னப் போத்தல்ல இறுக்கி மூடி நிற எண்ணை எழுதி வைங்க, பின்னால கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் தொட்டு அடிக்கலாம்.

ஈசூன்வாசி | பதிவு 16

கடைசியா ஒண்ணு. சாமி மேடைக்கு மேல விளக்குக் கரி ஒரு முழம் ஏறியிருக்கு. முந்தி இருந்தவங்க மேல பெயிண்ட் அடிச்சும் மஞ்சளா மறுபடி வந்திருக்கு.

தூரிகை | பதிவு 17

கரியில எண்ணெய் கலந்திருக்கு. தண்ணிப் பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே கறை அதுல கரைஞ்சு மேல வந்துடும், எத்தனை பூச்சு அடிச்சாலும் வரும். முதல்ல உலர்ந்த பஞ்சால மேலிருந்து கீழா ஒத்தி எடுங்க, நனைச்சா அப்பிக்கும். அப்புறம் சோடா உப்பு வெந்நீர், நல்ல தண்ணி, ஒரு நாள் காயல். அதுக்குமேல கரைப்பான் வகைக் கறைத்தடுப்புச் சீலர், 1 லிட்டர் போதும். சன்னலைத் திறந்து வைங்க, அடிக்கும்போதும் வாடை போகும் வரையும் விளக்கு ஏத்தாதீங்க, அந்த ஆவி தீப்பிடிக்கும். பிறகு துடைக்கக்கூடிய அரைப்பளபளப்புப் பெயிண்ட்.

மறுபடி கரி ஏறாம இருக்க, விளக்குக்குப் பின்னால சுவரை ஒட்டி ஒரு பளிங்கு ஓடோ கெட்டிக் கண்ணாடியோ வைங்க. அக்ரிலிக் பலகை மலிவு, ஆனா சூட்டுல வளையும், தீயும் பிடிக்கும். ஜாலான் புசார் ஓட்டுக் கடைகள்ல மிச்சம் விழுந்த ஒத்தை ஓடு கேட்டா குறைஞ்ச விலைக்குத் தருவாங்க. 60 செ.மீ. சதுரம் ஒண்ணு, கனமா இருக்கும், அதனால பெயிண்ட்மேல ஒட்டாம மேடையில நிக்க வச்சுச் சாய்ச்சு, மேல ரெண்டு சின்னக் கொண்டித் திருகு போட்டுப் பிடிச்சுடுங்க. கழுவணும்னா கழட்டலாம். திரியைக் கால் அங்குலத்துக்குமேல நீட்டாதீங்க, கரி பாதியாக் குறையும்.

ஈசூன்வாசி | பதிவு 18

பிளாஸ்டிக் ஒட்டியாச்சு. நாளை மறுநாள் எந்தப் பக்கம் நனைஞ்சிருக்குன்னு இங்கேயே எழுதுறோம்.